படகுப் பட்டறை: சதுப்புக்கும் பெருநீருக்கும் ஒரே படகா?

கேள்வி: ஐயா, வணக்கம். என் தம்பி அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில் வேலை செய்கிறான். மூன்று ஆண்டுகளாகக் கூட வேலை செய்யும் ஒருவரோடு மிசிசிப்பி ஆற்றில் வாத்து வேட்டைக்குப் போய்வருகிறான். இந்த ஆண்டு சொந்தமாகப் படகு வாங்கப் போகிறானாம். 14 அடி நீளம், 36 அங்குல அகலம், தட்டையான அடியுள்ள பழைய அலுமினியப் படகு. விலை மலிவு என்கிறான். நாணல் சதுப்புக்குள்ளும் நுழைய வேண்டும், ஆற்றின் அகன்ற பரப்பையும் கடக்க வேண்டும். அவன், நண்பர், ஒரு நாய். "எனக்கு நீச்சல் தெரியும், பயப்படாதே அக்கா" என்கிறான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் படகு சரிப்படுமா?
வாசகி, நிபோங் திபால்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் படகை வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். படகைக் குறை சொல்லவில்லை. ஒற்றை ஆள், குறுகிய ஓடை, காற்றில்லாத காலை என்றால் அதைவிட வசதியான படகு கிடையாது. தம்பி அதற்குக் கொடுக்க நினைக்கும் வேலைதான் அதற்குப் பெரிது.

படகு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் போய்ச் சேரும் இடத்தை மனத்தில் வைத்தே பேசுவார்கள். வாத்து எங்கே இறங்குகிறது, நாணல் எவ்வளவு அடர்த்தி, தண்ணீர் எத்தனை அங்குலம் என்று. மலேசியாவில், பினாங்கின் பிறை ஆற்றங்கரையில் நாற்பது ஆண்டுகள் படகுப் பட்டறை நடத்தியவன் நான். வந்தவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் கேட்டேன்: திரும்பி வரும் வழி எப்படி இருக்கும்? போகும்போது விடியற்காலை, காற்று படுத்திருக்கும், உடம்பில் தெம்பிருக்கும். திரும்பும்போது காற்று எழுந்துவிடும், சாமான்கள் நனைந்து கனத்திருக்கும், விரல் விறைத்திருக்கும். அந்த நேரத்தில் கடக்க வேண்டிய மிக மோசமான நீர் எதுவோ, அதற்குத்தான் படகு வாங்க வேண்டும்.

இதை எனக்குக் கற்பித்தது பத்து காவான் ஊருக்கு எதிரே உள்ள நம் கடல். 1988இல் நானும் என் மைத்துனரும் பூலாவ் அமான் தீவுப் பக்கம் இரவு மீன் பிடித்துவிட்டு விடியுமுன் பத்து மூசாங் ஜெட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நானே பலகையில் செய்த 14 அடிப் படகு, தட்டை அடி. பத்து நிமிட ஓட்டம்தான். மேற்கே வானம் கறுத்ததைப் பார்த்தேன்; கரை சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். சுமத்ராக் காற்று என்று நாம் சொல்கிறோமே, திடீரென்று அடிக்கும் சூறை, அது வந்தது. மேற்கிலிருந்து வந்ததால் அலை எங்கள் முதுகுப் பக்கம். தட்டை அடிப் படகுக்கு எதிரலை முதுகெலும்பை உடைக்கும், ஆனால் மூழ்கடிப்பது பின்னாலிருந்து வரும் அலைதான். இஞ்சின் மாட்டுவதற்காகப் பின்பலகையில் ஒரு பள்ளம் வெட்டியிருப்போம் அல்லவா, முதல் அலை அந்தப் பள்ளத்தின் வழியாக என் மடியில் ஏறியது. மைத்துனர் மைலோ டின்னால் இறைக்கத் தொடங்கினார். இரண்டாவது அலையில் இஞ்சின் நின்றது. மூன்றாவதில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி ஓடிப் படகை மேலும் சாய்த்தது. காற்றே எங்களைத் தள்ளிக்கொண்டுபோய் அலையாத்திக் காட்டுச் சேற்றில் சொருகியதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மைத்துனர் அந்த மைலோ டின்னை வெகுநாள் வைத்திருந்தார்.

எங்கள் கடல் அன்றைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. தம்பி போகும் ஆறு நவம்பரில் அப்படி இருக்காது.

2017ஆம் ஆண்டு மின்னசோட்டாவில் உள்ள மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். மருமகனின் நண்பர் ஒருவர் என்னை மூன்று முறை வாத்து வேட்டைக்கு அழைத்துப் போனார். நான் துப்பாக்கியைத் தொடவில்லை. படகைப் பார்க்கத்தான் போனேன். இருட்டோடு இறங்குதுறைக்குப் போனால், படகின் விளிம்பில் கை வைத்த இடத்தில் கையுறை ஒட்டிக்கொண்டது. இரவு தெறித்த நீர் உறைந்திருந்தது. மிசிசிப்பியை ஆறு என்று நினைத்துப் போன எனக்கு விடிந்ததும் கண்ட காட்சி மறக்கவில்லை. எதிர்க்கரை ஒரு கோடு. 1930களில் கப்பல் போக்குவரத்துக்கு ஒன்பது அடி ஆழம் வேண்டும் என்று அந்த ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைகளும், அவற்றைக் கடக்கக் கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் கட்டினார்கள். ஒவ்வோர் அணைக்கும் மேலே ஆறு பரந்து ஏரியாகிவிட்டது. லா கிராஸுக்குச் சற்று வடக்கே ஓனலாஸ்கா ஏரி என்று சொல்வதும் அப்படி உண்டானதுதான். நீர் பரந்திருக்கும், ஆழம் குறைவு. பரந்த நீரின்மேல் காற்று நெடுந்தூரம் ஓடி வரும். ஆழமில்லாததால் அலை நீண்டு உருளாமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும். பினாங்குக் கால்வாயில் வற்று நேரத்தில் எதிர்க்காற்று அடித்தால் எழும் அதே வகை அலை. சின்னப் படகுக்கு அதைவிடக் கொடியது இல்லை.

அந்த ஊர் வேட்டைக்காரர்கள் இன்றும் 1940 நவம்பர் 11 பற்றிப் பேசுகிறார்கள். காலையில் இதமான வெயில், மெல்லிய சட்டையோடு போனவர்கள் பலர். வாத்துகள் அன்று போல் என்றும் வரவில்லையாம். புயலுக்கு முன்னால் ஓடி வந்த கூட்டம் அது. பிற்பகலில் வெப்பம் சரிந்து, பெருங்காற்றும் பனியும் அடித்தன. ஆற்றின் நடுவே தீவுகளில் இருந்தவர்களால் கரைக்குக் கடக்க முடியவில்லை. அந்தப் புயல் மத்திய மேற்கு மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மிசிசிப்பித் தீவுகளில் உறைந்துபோன வேட்டைக்காரர்களும் அதில் அடக்கம். தீவுக்குப் போக எல்லோரிடமும் படகு இருந்தது. திரும்பி வரத்தான் அந்தப் படகுகள் போதவில்லை.

இனி, கணக்குக்கு வருவோம். தம்பியைக் காகிதமும் பேனாவும் எடுக்கச் சொல்லுங்கள். குளிர் உடையும் மார்பளவு நீர்க்காலணியும் அணிந்த இரண்டு பேர் 200 கிலோ. லாப்ரடார் நாய் 35. வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் பொய்வாத்துகள் மூன்று டஜன், கயிறும் ஈயக்குண்டும் சேர்த்து 30. துப்பாக்கி, தோட்டா, பை 15. 25 குதிரைத்திறன் இஞ்சின் 65. நிரம்பிய எண்ணெய்த் தொட்டி 20. பேட்டரி 25. மறைவுக்குக் கட்டும் சட்டமும் வலையும் 40. கூட்டினால் 430 கிலோ. நாய் தண்ணீரில் குதித்துத் திரும்பும்போது ஏற்றி வரும் நீரை நான் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த இத்தகைய படகுகளில் ஒரு தகடு ஒட்டியிருக்க வேண்டும்: எத்தனை பேர், மொத்த எடை எவ்வளவு, இஞ்சின் எவ்வளவு. 14 அடிக்கு 36 அங்குலப் படகின் தகடு இந்த 430ஐ நெருங்கவே நெருங்காது. அந்த எண்ணும் அமைதியான நீருக்குத்தான். பழைய படகில் தகடு கிழிந்துபோயிருந்தால், அதை விற்பவர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம்.

அப்படியானால் எது? அங்கே இந்தப் படகுகளுக்கு நான்கு இலக்கத்தில் பெயர் வைப்பார்கள். 1436 என்றால் 14 அடி நீளம், அடியில் 36 அங்குல அகலம். தம்பிக்கு வேண்டியது 1648 அல்லது அதற்குச் சற்று மேல். 16 அடி நீளம், 48 அங்குல அகலம். ஆனால் இந்த எண்ணில் இல்லாத ஒன்றுதான் உயிரைக் காப்பது: பக்கச் சுவரின் உயரம். 20 அங்குலத்துக்குக் குறைந்தால் பார்க்கவே வேண்டாம். இஞ்சின் மாட்டும் பின்பலகையும் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவில் வரும். 20 அங்குலம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். என் மடியில் அலை ஏறியது 15 அங்குலப் பின்பலகையில்தான். அடிப்பகுதி அணியத்தில், அதாவது முன்முனையில், கூர்மையாகத் தொடங்கிப் பின்னால் போகப் போகத் தட்டையாக வேண்டும். முன்கூர் அலையைப் பிளக்கும், பின்தட்டை சதுப்பில் ஏறும். முன்னால் ஒரு சிறு மூடுதளம் இருந்தால் அணியத்தில் ஏறும் நீர் உள்ளே விழாமல் வழிந்துவிடும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இந்தப் படகு கனமானது. அந்தச் சின்னப் படகு நுழையும் ஓடையில் இது தட்டி நிற்கும். இரண்டு மூன்று அங்குல ஆழத்தை இழப்பார். கடைசி முப்பது அடியைக் கழியால் ஊன்றியோ இறங்கி நடந்தோதான் போக வேண்டியிருக்கும். மருமகனின் நண்பர் அப்படித்தான் செய்தார். 12 அடிக் கழி, நுனியில் வாத்துக்காலைப் போல விரியும் இரும்பு. சேற்றில் ஊன்றினால் விரியும், இழுத்தால் மடங்கும். அந்தப் பதினைந்து நிமிட உழைப்புக்குப் பதிலாக அவர் நிம்மதியாக வீடு திரும்புகிறார்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பெரிய நீர் என்றதும் அடி முழுக்க ஆழக் கூராக வெட்டிய படகைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பெரிய ஏரியில் அது நன்றாக ஓடும். சதுப்பில் கால் வைக்காது. நின்றிருக்கும்போது இரு பக்கமும் உருளும். இரண்டு பேர் ஒரே பக்கம் திரும்பிச் சுடும்போது அது ஆபத்து. இரண்டு நீருக்கும் ஒரே படகு வேண்டுமானால் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்த படகுதான் கிடைக்கும். சதுப்பில் விட்டுக்கொடுத்தால் கழி ஊன்ற வேண்டும். பெருநீரில் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

தம்பி தனியாகப் போகிறவராக இருந்தால் வேறு வழி சொல்லியிருப்பேன். நியூ ஜெர்சியின் பார்னகாட் விரிகுடாவில் ஸ்னீக்பாக்ஸ் என்று ஒரு படகு உண்டு. 1836இல் ஹேசல்டன் சீமன் என்ற படகுக் கலைஞர் உருவாக்கியது. ஏறக்குறைய 12 அடிதான். சுவரே இல்லாததுபோலத் தாழ்வாக இருக்கும். கரண்டி போல வளைந்த அணியம், மேலே முழுக்க மூடிய தளம், ஆள் படுக்க நடுவில் ஒரு திறப்பு. சதுப்புப் புல்லுக்குள் இழுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. விரிகுடாவில் அலை மேலே ஏறினால் தளத்தின் மீது ஓடி மறுபக்கம் விழுந்துவிடும். உயரமான சுவர் எழுப்பாமல், கூரை போட்டுத் தண்ணீரைத் தடுத்த அறிவு! அதன் வரைபடத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஆனால் இரண்டு பேரும் நாயும் அதில் முடியாது.

இஞ்சினைப் பற்றித் தம்பி கட்டாயம் கேட்பார், ஏனென்றால் அங்கே சேற்று இஞ்சின் என்று ஒன்று பெயர் பெற்றது. காற்றால் குளிரும் இஞ்சின், அதிலிருந்து நீண்ட தண்டு, நுனியில் விசிறி. களையிலும் சேற்றிலும் ஓடும். நம் வடக்கே தாய்லாந்து ஆறுகளில் ஓடும் நீள்வால் படகின் வாரிசு அது. நம் பக்கத்துச் சரக்கு லூசியானாச் சதுப்பில் ஓடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எளிய வகைகளில் பின்னோக்கு ஓட்டம் கிடையாது. அகன்ற நீரில் அலைக்கு நடுவே சட்டென்று வேகத்தைக் குறைத்துக் கூட்டவும் அது வளைந்து கொடுக்காது. தம்பிக்கு 25 குதிரைத்திறன் சாதாரண அவுட்போர்டு இஞ்சினே போதும். ஓட்டும்போது அதன் நிறுத்துக் கயிறு, அதாவது ஆள் விழுந்தால் இஞ்சினை நிறுத்திவிடும் கயிறு, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். அங்கே கூட்டரசின் கீழ் வரும் நீர்வழிகளில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் அது சட்டமே. குளிர்நீரில் ஆள் விழுந்து படகு மட்டும் ஓடிப்போனால் பிறகு பேச ஒன்றும் இல்லை. வாத்து வேட்டையில் இஞ்சின் ஓடும்போது சுடவும் கூடாது. இஞ்சினை நிறுத்திப் படகின் ஓட்டமும் நின்ற பிறகுதான் சுடலாம் என்பது அங்குள்ள விதி.

அதனால் நங்கூரம் முக்கியமாகிறது. நங்கூரத்தை அணியத்தில் மட்டுமே கட்ட வேண்டும். பின்னால் கட்டினால் வசதி என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். படகின் மிகத் தாழ்ந்த பக்கத்தை, இஞ்சினின் எடையும் ஏறிய பக்கத்தை, அலைக்கு எதிரே பிடித்துக் கொடுப்பது அது. நங்கூரம் இழுக்க இழுக்க அது மேலும் தாழும்.

நீச்சலைப் பற்றி: கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு திணறி வாய் தானாகத் திறக்கும்; அந்த நிமிடத்தில் தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் கையும் காலும் சொன்னபடி கேட்கும். பிறகு 1 மணி நேரம் வரை நினைவு இருக்கும், ஆனால் கை கேட்காது. நீச்சல் வீரனுக்கும் இதே கணக்குத்தான். உயிர்க்காப்பு மேலங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது. உடம்பில் அணிந்திருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கரை பக்கம்தானே என்று நீந்தக் கூடாது. அங்கே தயாராகும் இத்தகைய சிறு படகுகளின் இருக்கைகளுக்கு அடியில் நுரை அடைத்திருப்பார்கள். நீர் நிரம்பினாலும் படகு மட்டமாக மிதக்க வேண்டும் என்பது விதி. வேட்டைக்காரர்களோ, நாய்க்கும் பொய்வாத்துக்கும் இடம் வேண்டும் என்று நடு இருக்கையை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். நுரையும் போய்விடும், படகின் விறைப்பும் போய்விடும். பழைய படகில் நடு இருக்கை இல்லையென்றால் தம்பி அங்கிருந்து நடையைக் கட்டட்டும்.

பழைய அலுமினியப் படகை எப்படிச் சோதிப்பது என்று கேட்டால், இதுதான் என் தொழில், விரிவாகவே சொல்கிறேன். படகு வண்டியின் மேல் இருக்கும்போதே அடி அடைப்பானை மூடிவிட்டு, உள்ளே அடித்தளத்து ஆணிகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம், வண்டி தாங்காது. பிறகு டார்ச் விளக்கோடு படகின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். தகடுகளை இணைக்கும் ஆணிகளில் (ரிவெட்) தளர்ந்தது எதுவோ அதன் தலையில் ஒரு துளி வேர்வை போலத் துளிர்க்கும், கொஞ்ச நேரத்தில் அடுத்தது. ஐந்தாறு ஆணிகள் என்றால் இறுக்கிக்கொள்ளலாம். ஒரே வரிசையில் இருபது துளிர்த்தால் அந்தப் படகு அலையில் அறைபட்டு அறைபட்டு வந்திருக்கிறது. அடுத்தது பின்பலகை. பல படகுகளில் அலுமினியத் தகட்டுக்கு உள்ளே பலகை இருக்கும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் 'டொக் டொக்' என்று பதில் சொல்லும். இற்ற மரம் 'தொப்' என்று விழுங்கும். இஞ்சின் மாட்டியிருந்தால் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பார்க்க வேண்டும். பின்பலகை கூடவே மூச்சு விடுவதுபோல அசைந்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. கடைசியாகப் படகை எடை போட வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட முப்பது நாற்பது கிலோ கூடுதல் என்றால் நுரை தண்ணீர் குடித்திருக்கிறது.

இவ்வளவும் தேறினால், பணம் கொடுக்குமுன் படகை நீரில் இறக்கி, இரண்டு ஆளையும் ஏற்றி, மீதி எடைக்கு மணல் மூட்டை வைத்து, பின்பலகைப் பள்ளத்திலிருந்து நீர்மட்டம் வரை அளக்கச் சொல்லுங்கள். பத்து அங்குலத்துக்குக் குறைந்தால் நான் அந்தப் படகில் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். உங்கள் தம்பியையும் அப்படியே நினைத்துச் சொல்கிறேன். அளந்த எண்ணை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்; எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் பெலிபிஸ் வாத்து வேட்டையாட என்ன படகு சரி? சுங்கை கிரியான் பக்கம் நிறைய இருக்கின்றன.
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தம்பி, படகைப் பிறகு பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைப் பெர்ஹிலிதான் (வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாமல் சுடுவது, வலை போடுவது, பிடித்து வைப்பது எல்லாம் குற்றம். உரிமமில்லாத் துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தனியாக இருக்கிறது. முதலில் பெர்ஹிலிதான் அலுவலகத்துக்குப் போய் நேரில் கேளுங்கள். என்னைக் கேட்டால், பெலிபிஸ் என்கிற அந்தச் சீழ்க்கைச் சிறகிகளை விட்டுவிடுங்கள் என்பேன். மாலையில் அவை விசிலடித்துக்கொண்டே ஆற்றைக் கடப்பதைப் பார்த்துத்தான் என் அப்பா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தைக் கணிப்பார்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. தெலுக் ஆயர் தாவார் கடற்கரையில் வலசைப் பறவைகளைப் பார்க்க நாங்கள் நால்வர் ஒரு சம்பான் வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். எப்போது போகலாம், எப்படிப்பட்ட படகு வேண்டும்?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: டீச்சர், நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். தெலுக் ஆயர் தாவார் முதல் குவாலா மூடா வரை உள்ள சேற்றுவெளி உலக அளவில் முக்கியமான பறவைப் பகுதியாக அறியப்பட்டது. சைபீரியாப் பக்கமிருந்து ஆஸ்திரேலியா வரை போகும் கரைப்பறவைகள் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே இரை எடுக்கின்றன. கருவால் மூக்கன் கூட்டமாக நிற்கும். அருகிவரும் நோர்ட்மன் பச்சைக்காலியைக்கூட அங்கே பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

படகு தட்டை அடிச் சம்பான் போதும். மேலே முதல் கேள்விக்கு நான் வேண்டாம் என்றது உங்களுக்குச் சரி, ஏனென்றால் நீங்கள் கரையை ஒட்டியே இருப்பீர்கள், அகன்ற நீரைக் கடக்கப்போவதில்லை. ஆனால் நால்வரும் படகோட்டியும் என்றால் ஐந்து பேர்; இரண்டு சம்பான் எடுங்கள்.

நேரம்தான் முக்கியம். நீர் வற்றும்போது போகாதீர்கள். சேறு பார்க்கத் தரை போல இருக்கும், இறங்கினால் தொடை வரை இழுக்கும். படகு ஒரு முறை சேற்றில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஏற்றம் வர ஐந்தாறு மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டும். கெராங் மட்டி பொறுக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முழங்காலைப் பலகையில் மடித்து வைத்து, மறு காலால் சேற்றை உந்தி வழுக்கிக்கொண்டே போவார்கள். அந்த வித்தை பழகாத நாம் அங்கே இறங்கக் கூடாது.

ஏற்றம் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆனதும் புறப்படுங்கள். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகள் கரைப்பக்கமாக நெருங்கி வரும். நீங்கள் அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். கூட்டமாக ஒதுங்கியிருக்கும் பறவைகளைப் படத்துக்காகப் பறக்க வைக்க வேண்டாம். பல்லாயிரம் மைல் பறப்பதற்காகச் சேர்த்து வைத்த கொழுப்பு, ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் கரைகிறது.

விடியுமுன் மேற்கே மின்னல் தெரிந்தால் அன்றைக்குப் போக வேண்டாம். ஏற்றவற்றம் அட்டவணையைப் படகோட்டியிடம் மட்டும் விட்டுவிடாமல் முதல் நாள் இரவே நீங்களும் ஒரு முறை பார்த்து, ஏற்றம் உச்சத்தைத் தொடும் நேரத்தைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்.